மக்கள் பாடகர் வூடி கத்ரி

பாட்டும் மக்களும்

உழைப்பு உள்ள இடமெல்லாம் பாட்டு உண்டு. கதிர் அறுப்போரும் கப்பல் செலுத்துவோரும், சுரங்கம் தோண்டுவோரும் தொட்டில் ஆட்டுவோரும் பாடிக்கொண்டே தத்தம் வேலையைச் செய்வர். அப்பாட்டுகளுள் பலவற்றை இயற்றியவர் யார் என்பது எவருக்கும் தெரியாது. தந்தை பாடக் கேட்டு மகன் பாடுவான். மகன் பாடக் கேட்டு அயலான் பாடுவான். வாய்க்கு வாய் செல்லும்போது ஒரு சொல் உதிரும். மற்றொரு சொல் புதிதாய் ஏறும். இவ்வாறு ஊரார் அனைவர்க்கும் உடைமையாய் வாழும் பாட்டையே நாட்டுப்பாட்டு என்பர்.

இந்த மரபில் வளர்ந்து, இதன் பழைய மெட்டுகளைக் கொண்டே தம் காலத்து ஏழை மக்களின் வாழ்வைப் பாடியவர் அமெரிக்க நாட்டின் வூடி கத்ரி ஆவார். அவர் எழுதிய பாட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. புகழ் பெற்றோரைப் பாடுவோர் உலகில் பலர் உளர். பெயர் அறியப்படாமல் வாழ்ந்து, பெயர் அறியப்படாமலே மறைவோரைப் பாடுவோர் சிலரே. வூடி கத்ரி அச்சிலருள் ஒருவர்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில் ஓக்லஹோமா என்னும் மாநிலம் உள்ளது. அங்கு ஓக்கிமா என்ற சிற்றூரில் 1912ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள் வூடி பிறந்தார். தந்தையார் சார்லி கத்ரி நிலம் வாங்கி விற்கும் தொழில் செய்தவர். அரசியலில் ஆர்வம் மிக்கவர். அவ்வாண்டு நாட்டுத் தலைவர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக உட்ரோ வில்சன் நின்றார். அவர்மீது பற்றுக்கொண்ட தந்தையார் தம் மகனுக்கு உட்ரோ வில்சன் கத்ரி என்றே பெயர் சூட்டினார். அப்பெரும் பெயர் நாளடைவில் வூடி என்று சுருங்கிற்று.

தாயார் நோரா பழங்கதைப் பாட்டுகள் பல அறிந்தவர். அவற்றை அவர் பாடக் கேட்டு வளர்ந்தார் வூடி. தாயின் குரலே அவருக்கு முதற்பள்ளியாய் அமைந்தது. ஆயினும் அவ்வீட்டில் இன்பம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1919ஆம் ஆண்டில் மூத்த மகள் கிளாரா தீப்பட்டு இறந்தாள். தந்தையாரின் தொழில் நலிந்தது. தாயாரின் நடத்தையில் விளங்காத மாறுதல்கள் தோன்றின. கையும் காலும் அவர் கட்டுக்கு அடங்காமல் அசைந்தன, நினைவு தடுமாறிற்று, காரணமின்றிச் சினம் எழுந்தது. அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஊரார் பேசினர். அவரைப் பற்றியிருந்தது ஹண்டிங்டன் நோய் என்னும் கொடிய பரம்பரை நோய் என்பதை அன்று அவ்வூரில் அறிந்தார் இலர்.

1927ஆம் ஆண்டில் தந்தையாரும் கடுந்தீக்காயம் அடைந்தார். தாயார் நார்மன் நகரிலிருந்த அரசு மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1930ஆம் ஆண்டில் அங்கேயே உயிர் நீத்தார். தந்தையார் தம் காயம் ஆறும்வரை உறவினருடன் தங்குவதற்காக டெக்சாஸ் மாநிலத்துப் பாம்பா என்ற ஊருக்குச் சென்றார். பதினைந்து வயது நிரம்பிய நாளில் வூடிக்கு வீடு என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் இல்லை. அறிந்தார் வீடுகளில் தங்கினார். கிடைத்த வேலையைச் செய்தார். தெருவில் மவுத் ஆர்கன் வாசித்துச் சில்லறைக் காசு பெற்றார். இளமையில் தாம் பட்ட இத்துன்பமே பிறர் துன்பத்தை உணரும் உள்ளத்தை அவருக்கு நல்கியது.

புழுதிப் புயல்

1929ஆம் ஆண்டில் வூடியும் பாம்பாவுக்குச் சென்றார். அங்குப் பள்ளிப்படிப்பு நிறைவேறவில்லை. எனினும் ஊர் நூலகத்தில் புகுந்து நூல் பல கற்றார். தம் சிற்றப்பாவிடம் கிதார் வாசிக்கக் கற்றார். நண்பர் இருவருடன் சேர்ந்து விழாக்களில் பாடினார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியும் பொருள் ஈட்டினார். 1933ஆம் ஆண்டில் மேரி ஜென்னிங்ஸ் என்பவரை மணந்தார்.

அக்காலத்தில் அந்நிலப்பகுதியை ஒரு பெருங்கேடு சூழ்ந்தது. அமெரிக்காவின் பெருஞ்சமவெளி பல்லாயிரம் ஆண்டுகளாகப் புல் அடர்ந்து கிடந்த நிலம். மழை குறைந்த அந்நாட்டில் மண்ணைப் பற்றிப்பிடித்துக் காத்தவை அப்புல்லின் ஆழ்ந்த வேர்களே. முதல் உலகப் போரின்போது கோதுமையின் விலை உயர்ந்தது. மக்கள் பேராசை கொண்டு, புல் நிலத்தை எல்லாம் டிராக்டர்களால் உழுது கோதுமை விதைத்தனர். பின்னர் விலை வீழ்ந்தது. 1930ஆம் ஆண்டுக்குப் பின் மழையும் பொய்த்தது. வேர்ப்பிடிப்பு இழந்த மண், காற்று அடித்தபோதெல்லாம் புழுதியாய் எழுந்து வானை மறைத்தது.

1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, புழுதிப் புயல்களுள் மிகக் கொடியது எழுந்தது. கரிய மலை ஒன்று நகர்ந்து வருவது போல அது வந்தது. பகல் இரவாயிற்று. எதிரில் நீட்டிய தம் கையும் மக்களுக்குத் தெரியவில்லை. பாம்பா ஊரில் வீடுகளுக்குள் ஒடுங்கியிருந்தவர்கள், உலகின் இறுதிநாள் வந்துற்றது என்று அஞ்சி ஒருவருக்கொருவர் விடைபெற்றுக்கொண்டனர். அவர்களுள் ஒருவராய் இருந்த வூடி, அந்நிகழ்ச்சியையே ஒரு விடைபெறும் பாட்டாக இயற்றினார். துன்பத்தைக் கூறும்போதும் நகைச்சுவை குன்றாத அப்பாட்டு பின்னாளில் நாடெங்கும் பரவிற்று. புழுதியைப் பற்றி அவர் எழுதிய பாட்டுகள், அதனை மூச்சில் இழுத்து வாழ்ந்த ஒருவரின் பாட்டுகள். அவற்றின் உண்மைக்கு அதுவே காரணம்.

வழிநடையும் வசைப்பெயரும்

நிலம் விளையவில்லை, கடன் கொடுத்த வங்கிகள் நிலத்தைக் கைப்பற்றின. ஓக்லஹோமா, டெக்சாஸ், ஆர்க்கன்சா, கான்சஸ் முதலிய மாநிலங்களிலிருந்து உழவர் குடும்பங்கள் பழைய மோட்டார் வண்டிகளில் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு வெளியேறின. பெருஞ்சமவெளி மாநிலங்களை விட்டு அக்காலத்தில் வெளியேறியோர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் என்பர். அவர்களுள் பலர் மேற்கே கலிபோர்னியாவை நாடினர். அங்குப் பழத்தோட்டங்களில் வேலை மலிந்து கிடக்கிறது என்ற செய்தி அவர்களை ஈர்த்தது.

சென்றவர்க்குக் காத்திருந்தது ஏமாற்றமே. ஒருவர் செய்யும் வேலைக்குப் பலர் போட்டியிட்டனர். ஆதலின் கூலி குறைந்தது. ஆற்றங்கரைகளிலும் சாலை ஓரங்களிலும் கந்தல் கூடாரங்களில் அவர்கள் குடியிருந்தனர். 1936ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக் காவலர் மாநில எல்லைக்கே சென்று, கையில் பணம் இல்லாதவரைத் திருப்பி அனுப்பினர். வந்தவர் எந்த மாநிலத்தவர் ஆயினும் ஓக்கி என்ற ஒரே சொல்லால் அவரை இழித்து அழைத்தனர். சொந்த ஊரில் பெயரும் பெருமையும் பெற்று வாழ்ந்த குடும்பத் தலைவர்கள் அந்த வசைப்பெயர் ஒன்றையே தாங்கித் திரிந்தனர்.

வூடியும் சரக்கு இரயில்களில் ஏறியும் நெடுஞ்சாலையில் நடந்தும் கலிபோர்னியாவை அடைந்தார். 1937ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு வானொலி நிலையத்தில் பாடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. மாக்சின் கிரிஸ்மன் என்ற பெண்மணியுடன் சேர்ந்து பழம்பாட்டுகளையும் தம் புதுப்பாட்டுகளையும் அவர் பாடினார். கூடாரங்களில் வாழ்ந்த மக்கள் தம் ஊர்ப்பேச்சையும் தம் ஊர் மெட்டையும் வானொலியில் கேட்டு உள்ளம் நெகிழ்ந்தனர். எல்லையில் பணம் கேட்டுத் தடுக்கும் கொடுமையையும் அவர் நகைச்சுவை கலந்து பாடினார்.

இக்காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி அவருடைய பண்பை விளக்குவது. ஒருநாள் வானொலியில், கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் சொல் அமைந்த ஒரு பழம்பாட்டை அவர் இசைத்தார். அவர் வளர்ந்த ஊர்களில் அச்சொல் எல்லார் வாயிலும் வழங்கிய சொல். அதன் கொடுமையை அவர் எண்ணிப் பார்த்ததில்லை. அதைக் கேட்டு வருந்திய கறுப்பின இளைஞர் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார். தம் மக்களை ஓக்கி என்று பிறர் இகழும்போது வெகுண்ட வூடி, தாமும் பிறரை அவ்வாறே இகழ்ந்ததை உணர்ந்து நாணினார். அக்கடிதத்தை வானொலியிலேயே படித்தார். கேட்போர் அனைவர் முன்னும் மன்னிப்பு வேண்டினார். அத்தகைய பாட்டை அதன்பின் அவர் பாடவில்லை. தவறு செய்யாதார் உலகில் இலர்; தவற்றை உணர்ந்து பலர் அறியத் திருந்துவோரே பெரியோர் ஆவர்.

நாட்டைப் பாடிய பாட்டு

1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வூடி நியூயார்க் நகருக்குச் சென்றார். பனிக்காலத்தில் வழிப்போக்கராய் அவர் சென்ற வழியெங்கும், இறைவன் அமெரிக்காவை வாழ்த்துமாறு வேண்டும் இர்விங் பெர்லினின் பாட்டு வானொலிகளில் ஒலித்தது. பசித்த மக்களைக் கண்டு வந்த அவருக்கு அப்பாட்டு நிறைவளிக்கவில்லை. அதற்கு மறுமொழியாக அவ்வாண்டு பிப்ரவரி 23ஆம் நாள் ஓர் எளிய விடுதி அறையில் அமர்ந்து தாம் ஒரு பாட்டை எழுதினார். இந்நிலம் உன்னுடையது என்னும் பொருள்பட்ட தலைப்புடைய அப்பாட்டே பின்னர் அமெரிக்கப் பள்ளிகளில் எல்லாம் பாடப்பெறும் சிறப்பை அடைந்தது.

அந்நாட்டின் காடும் ஆறும் பாலைவெளியும் அங்குப் பிறந்த அனைவர்க்கும் பொது என்பதே அதன் கருத்து. அதன் முழு வடிவத்தில் வேறு சில அடிகளும் உண்டு. தனியார் உடைமை என்று தடுக்கும் பலகையைக் குறித்தும், உணவு உதவிக்காக வரிசையில் நிற்கும் மக்களைக் குறித்தும் அவை பேசும். பள்ளி நூல்கள் பலவற்றில் அவ்வடிகள் நெடுங்காலம் இடம்பெறவில்லை. நாட்டின் அழகைப் பாடியது போலவே அதன் குறையையும் பாடுவது நாட்டுப்பற்றே என்பது வூடியின் கொள்கை.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில், புலம்பெயர்ந்த உழவர்க்கு உதவுவதற்காக நியூயார்க்கில் நடைபெற்ற ஓர் இசை நிகழ்ச்சியில் வூடி பாடினார். நாட்டுப்பாட்டுகளைத் தேடித் தொகுத்து வந்த ஆலன் லோமாக்சும், பின்னாளில் பெரும்புகழ் எய்திய பீட் சீகர் என்ற இளைஞரும் அவரை அங்குக் கண்டனர். நூல்களில் தேடிய மரபு உயிர்பெற்று மேடையில் நிற்பதைக் கண்டது போல லோமாக்சு மகிழ்ந்தார். வூடியை வாஷிங்டன் நகரிலுள்ள காங்கிரஸ் நூலகத்துக்கு அழைத்துச் சென்று, அவருடைய பாட்டையும் பேச்சையும் பல மணி நேரம் ஒலிப்பதிவு செய்தார். அதே ஆண்டில் புழுதி நிலப் பாட்டுகள் அடங்கிய இசைத்தட்டுத் தொகுதியும் வெளிவந்தது.

வூடி பெரும்பாலும் புதிய மெட்டுகளைத் தேடி அலையவில்லை. மக்கள் முன்பே அறிந்த திருச்சபைப் பாட்டையோ கதைப்பாட்டையோ எடுத்து, அதன் மெட்டில் புதிய சொற்களை அமைத்தார். மெட்டுப் பழகியதாக இருந்ததால், ஒருமுறை கேட்டவர் மறுமுறை தாமே பாடினர். சொற்களும் உழவரும் தொழிலாளரும் நாள்தோறும் பேசும் சொற்களே. பாடுவோரும் கேட்போரும் வேறு வேறு அல்லர் என்ற நிலையை உண்டாக்கியதே அவருடைய கலையின் சிறப்பு.

பொருளும் கொள்கையும்

புகழ் வளரவே பொருளும் அவரை நாடி வந்தது. புகையிலை வாணிகம் ஒன்றன் விளம்பரமாக அமைந்த வானொலி நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. வறுமையில் உழன்ற அவர், அதுவரை காணாத அளவு ஊதியம் பெற்றார். மனைவி மக்களையும் நியூயார்க்குக்கு வரவழைத்தார். ஆனால் எதைப் பாடலாம், எதைப் பாடலாகாது என்று பிறர் வகுத்த கட்டுப்பாடு அவருக்குப் பொருந்தவில்லை. 1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பதவியை உதறிவிட்டுக் குடும்பத்துடன் மேற்கே புறப்பட்டார்.

அவ்வாண்டு மே மாதத்தில் வேறொரு வேலை வந்தது. வடமேற்கில் பாயும் கொலம்பியா ஆற்றின்மீது அரசாங்கம் கிராண்ட் கூலி என்னும் மாபெரும் அணையைக் கட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆற்றின் மின்சாரத்தைச் சிற்றூர்களுக்கு வழங்கும் அரசுத் துறை, அணைத்திட்டத்தைப் பற்றிப் பாட்டு எழுதுவதற்காக வூடியை ஒரு மாத காலத்துக்கு அமர்த்தியது. ஊதியம் 266 டாலர் 66 சென்ட். அந்த ஒரு மாதத்தில் அவர் 26 பாட்டுகள் எழுதினார். புழுதியால் நிலம் இழந்த மக்களுக்கு நீரும் ஒளியும் வேலையும் கிடைக்கும் என்ற நம்பிக்கை அப்பாட்டுகளில் ததும்பியது. அவற்றுள் கொலம்பியா ஆற்றை விளித்துப் பாடிய பாட்டை வாஷிங்டன் மாநிலம் 1987ஆம் ஆண்டில் தன் நாட்டுப்பாட்டாக ஏற்றது.

அணையின் வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. தேங்கிய நீர் கெட்டில் அருவியை மூழ்கடித்தது. சால்மன் மீன்கள் ஆற்றில் மேலேறிச் செல்லும் வழி அடைபட்டது. அம்மீனை நம்பி வாழ்ந்த பழங்குடி மக்கள் தம் வாழ்வின் ஊற்றையே இழந்தனர். அவர்களுடைய இழப்பு வூடியின் அணைப்பாட்டுகளில் இடம்பெறவில்லை. பெயரற்றோரைப் பாடிய பெருமகனின் கண்ணிலும் படாத துன்பம் உலகில் உண்டு என்பதை இது காட்டுகிறது.

குடும்ப வாழ்விலும் அவர் குறையற்றவர் அல்லர். ஓரிடத்தில் தங்கும் இயல்பு அவரிடம் இல்லை. மேரியும் மூன்று குழந்தைகளும் நெடுநாள் தனித்து வருந்தினர். இறுதியில் அம்மணம் முறிந்தது. பின்னர் மார்ஜரி மாசியா என்னும் நடனக் கலைஞரை அவர் 1945ஆம் ஆண்டில் மணந்தார்.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது வூடி தம் கிதாரையே படைக்கலமாகக் கருதினார். பாசிசத்தைக் கொல்லும் பொறி இது என்று பொருள்படும் தொடரை அதன்மேல் எழுதிவைத்தார். 1943ஆம் ஆண்டில் தம் வாழ்க்கைக் கதையை நூலாக வெளியிட்டார். அவ்வாண்டிலேயே சிஸ்கோ ஹூஸ்டன், ஜிம் லாங்கி என்ற நண்பர் இருவருடன் வாணிகக் கப்பற்படையில் சேர்ந்தார். போர்முனைக்குப் படைவீரரையும் பொருள்களையும் ஏற்றிச் செல்வது அக்கப்பல்களின் பணி. மூன்று முறை அவர் கடல் கடந்தார். பகைவரின் தாக்குதலையும் கண்டார்.

அப்பயணங்களில் ஒன்றைக் குறித்து லாங்கி பிற்காலத்தில் எழுதியுள்ளார். கப்பல் தாக்குதலுக்கு அஞ்சி நடுங்கிய வேளையில், அடித்தட்டில் அடைபட்டிருந்த வீரர்களிடம் சென்று வூடி பாடினார். அக்காலத்து அமெரிக்கப் படையில் வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்தனர். கறுப்பின வீரர்கள் வேறோரிடத்தில் பாடிக்கொண்டிருப்பதைக் கேட்ட வூடி, அவர்களும் உடன் வந்து அமர்ந்தாலன்றித் தாம் மேலும் பாடுவதில்லை என்று உறுதியாய் நின்றார். விதி தளர்ந்தது, இரு திறத்தாரும் ஒருங்கிருந்து பாடினர். ஏழாண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரின் கடிதம் அவர் உள்ளத்தில் விதைத்த விதை இவ்வாறு பயன் தந்தது.

பெயரில்லாக் கல்லறை

போர் முடிந்தபின் வூடி நியூயார்க்கின் கோனித் தீவுப் பகுதியில் மார்ஜரியுடன் வாழ்ந்தார். தம் சின்னஞ்சிறு மகள் கேத்தியின் மழலையையும் விளையாட்டையும் கண்டு குழந்தைப் பாட்டுகள் பலவற்றை இயற்றினார். 1947ஆம் ஆண்டு பிப்ரவரியில் வீட்டில் மின்சாரத்தால் மூண்ட தீயில் நான்கு வயதுக் கேத்தி இறந்தாள். தமக்கையையும் தந்தையையும் பற்றிய தீ மகளையும் கொண்டுசென்றது.

அடுத்த ஆண்டு, 1948 ஜனவரி 28ஆம் நாள், கலிபோர்னியாவில் லாஸ் காட்டோஸ் என்னும் பள்ளத்தாக்கில் ஒரு விமானம் தீப்பற்றி வீழ்ந்தது. அதில் இருந்த 32 பேரும் மாண்டனர். அவர்களுள் 28 பேர் மெக்சிகோ நாட்டு உழவுத் தொழிலாளர். தோட்டங்களில் கனி பறித்த பின்னர் அரசாங்கத்தால் தம் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். நாட்டின் பெரிய செய்தித்தாள்களும் வானொலியும் அமெரிக்கர் நால்வரின் பெயர்களை மட்டும் கூறின. ஏனையோரை நாடுகடத்தப்பட்டோர் என்ற ஒரு சொல்லில் அடக்கின. அவ்விருபத்தெண்மரும் ஃபிரெஸ்னோ நகரில் ஒரே குழியில் புதைக்கப்பட்டனர். குழியின்மேல் வைத்த அடையாளத்திலும் பெயர்கள் இல்லை.

இச்செய்தி வூடியின் நெஞ்சைச் சுட்டது. ஓக்கி என்ற சொல் தம் மக்களின் பெயர்களை எவ்வாறு விழுங்கியதோ அவ்வாறே இச்சொல்லும் 28 மனிதரின் பெயர்களை விழுங்கியதை அவர் கண்டார். அவர்களுடைய உண்மைப் பெயர்களை அறிய அவருக்கு வழி இல்லை. ஆதலின் தாமே சில பெயர்களைப் புனைந்து, நண்பரிடம் விடைபெறுவது போல அவர்களை விளித்து ஒரு கவிதை எழுதினார். பிறர் உண்ணும் கனியைப் பறித்தவரைச் சருகுபோல் உதறுவது முறையா என்ற கேள்வி அதில் அடங்கியிருந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் மார்ட்டின் ஹாஃப்மன் என்ற ஆசிரியர் அதற்கு மெட்டு அமைத்தார். பீட் சீகர் அதனை மேடைதோறும் பாடிப் பரப்பினார்.

நோயும் முடிவும்

வூடி எழுதிய சிறந்த பாட்டுகளுள் இறுதியில் வந்தவற்றுள் அது ஒன்று. அதற்குள்ளாகவே அவர் நடத்தையில் தடுமாற்றம் தோன்றியிருந்தது. குடியே காரணம் என்று பலர் எண்ணினர். 1952ஆம் ஆண்டில் மருத்துவர்கள் உண்மையைக் கண்டனர். தாயைக் கொன்ற ஹண்டிங்டன் நோயே மகனையும் பற்றியிருந்தது. பெற்றோருள் ஒருவர்க்கு அந்நோய் இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. மூளையின் நரம்பணுக்கள் சிறுகச் சிறுக அழியும், உடல் கட்டுக்கு அடங்காது, பேச்சும் மங்கும்.

அவர் தம் வாழ்வின் எஞ்சிய ஆண்டுகளில் பெரும்பகுதியை மருத்துவமனைகளிலேயே கழித்தார். கிதார் வாசித்த விரல்கள் எழுதுகோலையும் பிடிக்க மாட்டாமல் நடுங்கின. 1956ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவருடைய குழந்தைகளின் நலத்துக்காக நண்பர்கள் நியூயார்க்கில் ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினர். முடிவில் நாட்டைப் பற்றிய அவர் பாட்டை அரங்கினர் அனைவரும் எழுந்து பாடினர். மாடத்தில் அமர்ந்திருந்த வூடி மெலிந்த உடலுடன் எழுந்து நின்றார். பாடிய வாய் ஓய்ந்தபோது, பாட்டு மக்களின் வாயில் வாழ்வதை அவர் தம் கண்ணாலேயே கண்டார்.

1961ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாப் டிலன் என்ற பத்தொன்பது வயது இளைஞர் அவரை மருத்துவமனையில் தேடி வந்தார். வூடியின் பாட்டுகளையே அவர்முன் பாடிக்காட்டினார். பின்னர் வூடி கையாண்ட மெட்டு ஒன்றிலேயே அவரைப் போற்றி ஒரு பாட்டும் இயற்றினார். அவ்விளைஞரே 2016ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

1967ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் வூடி கத்ரி தம் 55ஆம் வயதில் காலமானார். அவருடைய சாம்பல் கோனித் தீவுக் கடலில் கரைக்கப்பட்டது. மணமுறிவுக்குப் பின்னும் அவரை அன்புடன் பேணிய மார்ஜரி, அவ்வாண்டிலேயே ஹண்டிங்டன் நோயை எதிர்த்துப் பணியாற்ற ஒரு சங்கத்தைத் தொடங்கினார். சிதறிக்கிடந்த நோயாளர் குடும்பங்களை அவர் ஒன்று திரட்டினார், ஆராய்ச்சியாளரையும் ஊக்கினார். 1993ஆம் ஆண்டில் அறிவியலார் அந்நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்தனர்.

நின்ற புகழ்

அவர் பிறந்த ஓக்கிமாவில், அவருடைய அரசியல் கருத்துகளை வெறுத்தவர்கள் நெடுங்காலம் அவரைப் போற்ற மறுத்தனர். காலம் அவ்வெறுப்பை மெல்லத் தணித்தது. 1998ஆம் ஆண்டில் அவ்வூரில் அவர் பெயரால் இசைவிழா தொடங்கிற்று. அதே ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. 2009ஆம் ஆண்டில் பராக் ஒபாமா நாட்டுத் தலைவராகப் பொறுப்பேற்றதை ஒட்டி வாஷிங்டனில் நடந்த பெருவிழாவில், எண்பத்தொன்பது வயதுப் பீட் சீகர் வூடியின் நாட்டுப் பாட்டைப் பாடினார். பள்ளி நூல்கள் விட்டுவிட்ட அடிகளையும் சேர்த்தே அவர் பாடினார். 2013ஆம் ஆண்டில் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் வூடியின் கையெழுத்துப் படிகளைக் காக்கும் நினைவு மையம் திறக்கப்பட்டது.

அதே 2013ஆம் ஆண்டில் அவர் பெரிதும் விரும்பியிருக்கக்கூடிய மற்றொரு செயலும் நிறைவேறியது. லாஸ் காட்டோஸ் விமானத்தில் இறந்தோரைப் பற்றிய பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள், அவ்விருபத்தெண்மர் யாவர் என்று தேடத் தொடங்கினர். பழைய பதிவேடுகளை ஆராய்ந்தனர், உறவினரை வினவினர், ஒவ்வொரு பெயராகத் திரட்டினர். செப்டம்பர் 2ஆம் நாள், ஃபிரெஸ்னோ நகரத்து இடுகாட்டில் அக்குழியின்மேல் ஒரு புதிய கல் நிறுவப்பட்டது. விபத்து நிகழ்ந்து 65 ஆண்டுகள் கழிந்திருந்தன. வூடி மறைந்தும் ஏறத்தாழ 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. இறந்தோர் குடும்பத்தார் கூடி நிற்க, 28 பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டு விளங்கின.

பாட்டினால் மாண்டவரை மீட்க இயலாது. இழந்த நிலத்தைத் திருப்பித் தரவும் இயலாது. ஆனால் உலகம் மறக்க விரும்பியதை மறவாமல் காத்து, உரிய காலத்தில் ஒருவர் உள்ளத்தைத் தட்டி எழுப்பப் பாட்டினால் இயலும். வூடி கத்ரி புனைந்து அழைத்த பெயர்கள் சில. அவற்றைக் கேட்டோர் தேடிக் கண்ட உண்மைப் பெயர்கள் இருபத்தெட்டு.